சிக்னல் முழுசா இருக்கு... நெட் ஏன் வரலை?

வீட்டு வைஃபையில் ஐபி முகவரி கிடைக்காமல் போவது ஏன்? சரிசெய்வது எப்படி?

மொபைல் திரையின் மேலே வைஃபை குறி முழுசாகத் தெரிகிறது. பாஸ்வேர்டும் சரி. ஆனால் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது...’ என்ற ஒரு வரி மட்டும் நகராமல் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அது மறைந்து, இணைப்பு அறுந்து, மறுபடி அதே வரி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் மீட்டிங், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, துபாயில் இருக்கும் மகனுடன் வீடியோ கால் என்று எது நடந்துகொண்டிருந்தாலும் அத்தோடு நின்றுவிடும்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் உரையாடல் எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். “மோடத்துல லைட் எல்லாம் எரியுதா சார்?” “எரியுதும்மா.” “அப்ப ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.” செய்து பார்த்தால் சில சமயம் சரியாகிவிடும். மறுநாள் மாலை அதே தொல்லை திரும்ப வரும். ‘நெட் சரியில்லை, கம்பெனியை மாத்திடலாம்’ என்று வீட்டில் முடிவாகும். புது இணைப்பு வந்த பிறகும் தொல்லை தொடரும். ஏனென்றால் பல வீடுகளில் கோளாறு தெருவில் வரும் ஃபைபரில் இல்லை. ஹாலில் இருக்கும் பெட்டிக்கும் கையில் இருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கிறது.

அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். போனே ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எண்ணை எங்கே பார்ப்பது?

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், வைஃபை, நம் இணைப்பின் பெயர் என்று வரிசையாகத் தொட்டுக் கீழே போனால் ‘ஐபி முகவரி’ இருக்கும். ஐபோனில் இணைப்பின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில ‘ஐ’ எழுத்தைத் தொட வேண்டும். விண்டோஸ் கணினி என்றால் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்று தட்டினால் போதும். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் வரும்.

அது 192.168 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுத்திருக்கிறது என்று பொருள். சில வீடுகளிலும் பல அலுவலகங்களிலும் 10 என்று தொடங்கும். 172.16 முதல் 172.31 வரை தொடங்குவதும் உண்டு. உள்ளுக்குள் மட்டும் புழங்குவதற்காக 1994-இல் ஒதுக்கிவைத்த எண்கள் இவை. உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே 192.168.1.5 இருக்கலாம், மோதல் வராது.

169.254 என்று தொடங்கினால் விஷயம் வேறு. ரூட்டரைக் கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் கணினி தனக்குத்தானே சூட்டிக்கொண்ட எண் அது. விண்டோஸ் 98 காலத்திலிருந்து இந்தப் பழக்கம் இருக்கிறது. ஐபோனும் இப்படித்தான் செய்யும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளி உலகத்தை எட்ட முடியாது. ஆண்ட்ராய்டு போன் இப்படி எண் சூட்டிக்கொள்ளாமல் இணைப்பையே துண்டித்துவிட்டு மறுபடி முயலும். ஆகவே கணினியில் 169.254, போனில் ஓயாத ‘பெறப்படுகிறது’ இரண்டும் ஒரே நோயின் அடையாளங்கள்.

முகவரி எப்படி வருகிறது?

இந்த வேலையைச் செய்யும் முறைக்குப் பெயர் டிஎச்சிபி. ரூட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி சர்வரை லாட்ஜ் ரிசப்ஷன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவருக்கு ஒரு ரூம் நம்பர், இத்தனை மணி நேரத்துக்கு என்று ஒரு கெடு, லெட்ஜரில் ஒரு பதிவு. நேரம் முடிவதற்குள் நீட்டித்துக்கொண்டால் அதே ரூம். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போகும். இந்தக் கெடுவுக்கு ‘லீஸ்’ என்று பெயர்.

போன் வைஃபையில் நுழைந்ததும் முதலில் ‘இங்கே முகவரி கொடுப்பவர் யாராவது உண்டா?’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது. தனக்கு இன்னும் எண் இல்லாததால் அனுப்புநர் முகவரி 0.0.0.0, பெறுநர் முகவரி 255.255.255.255. ரூட்டர் ஓர் எண்ணைத் தரத் தயார் என்கிறது. போன் ‘அதையே கொடு’ என்கிறது. ரூட்டர் ‘கொடுத்தாயிற்று’ என்று உறுதி சொல்கிறது. டிஸ்கவர், ஆஃபர், ரெக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்ற இந்த நான்கு செய்திகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து நெட்வொர்க் படிப்பவர்கள் ‘டோரா’ என்பார்கள். எல்லாம் சரியாக நடந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

இது இல்லாத காலத்தில் ஒவ்வொரு கணினியிலும் ஆள் உட்கார்ந்து எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது. 1985-இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் இருவரும் வகுத்த பூட்பி என்ற முறை அந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்தது. அதிலும் எந்தக் கணினிக்கு எந்த எண் என்ற பட்டியலை ஆள்தான் எழுதிவைக்க வேண்டும். கெடு வைத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, வேறொருவருக்குக் கொடுக்கும் டிஎச்சிபி 1993-இல் வந்தது. இன்றும் உலகம் பின்பற்றும் விதிகள் ரால்ஃப் டிராம்ஸ் எழுதி 1997 மார்ச்சில் வெளியானவை. அவர் அதை எழுதும்போது வீட்டுக்கு வீடு வைஃபை கிடையாது. கம்பியில் ஓடுவதற்காக எழுதிய உரையாடலைக் காற்றில் ஓட விடுகிறோம். வைஃபையில் வரும் சிக்கல்களில் ஒரு பகுதி இங்கிருந்து தொடங்குகிறது.

காற்றில் தொலையும் பதில்

வைஃபையில் ரூட்டர் ஒரு குறிப்பிட்ட போனுக்கு அனுப்பும் செய்திக்கு அந்தப் போன் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் ரூட்டர் திரும்ப அனுப்பும். ஆனால் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் செய்திக்கு இந்த ஏற்பாடு கிடையாது. ஒரு தடவை அனுப்புவதோடு சரி, கிடைத்தால் கிடைத்தது. முகவரி தரும் பதில்கள் சில சமயம் இப்படிப் பொதுச் செய்தியாகவே போகின்றன. ரூட்டர் ஹாலில், நீங்கள் இரண்டு சுவர் தாண்டிப் படுக்கையறையில் என்றால் அந்தப் பதில் தொலைந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு.

போன் விடாது. 4 விநாடி பொறுத்துத் திரும்பக் கேட்கும். பிறகு 8, பிறகு 16 என்று இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே போகும். விதி சொல்லும் கணக்கு இது. அதற்குள் போனின் பொறுமை தீர்ந்து இணைப்பை அறுத்துவிடும். எனவே முதல் சோதனை மிக எளிது. ரூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று வைஃபையை அணைத்துப் போடுங்கள். அங்கே முகவரி உடனே கிடைத்தால் ரூட்டர் நலமாக இருக்கிறது, தூரம்தான் பிரச்னை. ஷோகேஸுக்குள்ளே, டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி என்று வைத்திருக்கும் பெட்டியை வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பாஸ்வேர்டு தப்பா இருக்கும், திரும்பப் போடுங்க’ என்று இந்த இடத்தில் பலர் சொல்வார்கள். பழைய வெப் வகைப் பாதுகாப்பு இருந்த காலத்தில் அது சரி. அதில் பாஸ்வேர்டு தவறானாலும் போன் உள்ளே நுழைந்து, முகவரி கேட்கும்போது மாட்டிக்கொள்ளும். இன்று நம் வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டிலும் பாஸ்வேர்டு தவறினால் வாசலிலேயே தடுத்துவிடும். ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்ற வரி வந்துவிட்டாலே பாஸ்வேர்டு சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

கரண்ட் போய் வந்தால்

பல வீட்டு ரூட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற லெட்ஜரைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. மின்தடை வந்தால் லெட்ஜர் காலி. கரண்ட் வந்ததும் ரூட்டர் ஒன்றிலிருந்து எழுதத் தொடங்கும். ஆனால் போன்களுக்கும் லேப்டாப்புக்கும் பேட்டரி இருக்கிறது. அவற்றுக்குத் தங்கள் பழைய எண் நினைவிருக்கும். ‘எனக்கு 192.168.1.5 கொடுத்திருந்தாய், அதையே தொடரட்டுமா?’ என்று கேட்கும். தன்னிடம் பதிவே இல்லாத சாதனம் இப்படிக் கேட்டால் சர்வர் மௌனமாக இருக்க வேண்டும் என்பது 1997 விதி. போன் கேட்டுக் காத்திருந்து, அலுத்து, பிறகு முதலிலிருந்து தொடங்கும். கரண்ட் வந்த பிறகு சில நிமிடங்கள் நெட் வராமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். சில ரூட்டர்கள் இந்த விதியைத் தளர்த்தி உடனே பதில் சொல்லிவிடும்.

இதற்குப் போனில் செய்ய வேண்டியது: வைஃபையை அணைத்துப் போடுவது. அதற்கும் மசியாவிட்டால் அந்த இணைப்பை ‘ஃபர்கெட்’ செய்து திரும்பச் சேர்ப்பது. ஐபோனில் ‘ரென்யூ லீஸ்’ என்றே ஒரு பொத்தான் இருக்கிறது. விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ரிலீஸ்’, அடுத்து ‘ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ரென்யூ’. அடிக்கடி மின்தடை வரும் ஊர் என்றால் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். இந்தத் தொல்லைக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

எண்கள் தீர்ந்துபோனால்

முகவரிகள் வற்றாத ஊற்று இல்லை. ரூட்டரில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கும். பல ரூட்டர்களில் அது 100 முதல் 199 வரை, அதாவது 100 எண்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு இது ஏராளம். கல்யாண மண்டபத்துக்கும் டியூஷன் சென்டருக்கும் அப்படி இல்லை.

ஒரு மண்டபத்தில் மாலை ரிசப்ஷன் நடப்பதாக வைத்துக்கொள்வோம். வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். 7 மணிக்குள் 100 போன்கள் நுழைந்துவிடுகின்றன. லீஸ் 24 மணி நேரம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் 10 மணிக்குள் கிளம்பிவிடுகிறார்கள். போகிற போன்கள் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. மறுநாள் அதிகாலை முகூர்த்தத்துக்கு வேறு கூட்டம் வருகிறது. மண்டபத்தில் முந்தின நாள் போன் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ரூட்டரின் கணக்கில் 100 எண்களும் மாலை வரை புழக்கத்தில் இருக்கின்றன. புதிதாக வந்த எவருக்கும் முகவரி இல்லை. மண்டபக்காரர் ரூட்டரை அணைத்துப் போட்டால் லெட்ஜர் காலியாகிச் சரியாகிவிடும். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ பலிப்பது இங்கேதான். மறுநாள் திரும்ப வருவதும் இதனால்தான்.

நிரந்தரத் தீர்வு இரண்டு எண்களை மாற்றுவது. லீஸை 24 மணி நேரத்திலிருந்து 1 மணி நேரமாகக் குறைக்க வேண்டும். வரம்பை 2 முதல் 254 வரை விரிக்க வேண்டும், 253 எண்கள் கிடைக்கும். லீஸ் குறைந்தால் இருப்பவர்களின் இணைப்பு அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பாதி நேரம் கழிந்ததுமே போன் தானாக நீட்டிப்புக் கேட்டுவிடும். அப்போது பதில் வராவிட்டால், எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் வேறு யாராவது சர்வர் இருக்கிறாரா என்று பொதுவாகக் கேட்கும். உரியவருக்கு இதெல்லாம் நடப்பதே தெரியாது.

இருவருக்கு ஒரே எண்

கடைகளிலும் வீடுகளிலும் சிசிடிவி பொருத்துகிறவர்கள் அதன் டிவிஆர் பெட்டிக்குக் கையால் நிலையான எண் கொடுப்பது வழக்கம். சில டிவிஆர்கள் 192.168.1.108 என்ற எண்ணுடனேயே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. ரூட்டர் தரும் 100 முதல் 199 வரம்புக்குள் அது விழுகிறது. டிவிஆர் அணைந்திருக்கும் நேரத்தில் ரூட்டர் அந்த 108-ஐ ஒரு போனுக்குக் கொடுத்துவிடும். பிறகு டிவிஆர் எழுந்தால் ஒரே எண்ணில் இருவர். கேமரா விட்டு விட்டு வரும், அந்தப் போனில் நெட் வந்து வந்து போகும். மற்ற போன்களெல்லாம் நன்றாக இருப்பதால் போன் கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரின்டரிலும் இதே கதை நடப்பதுண்டு.

யூடியூபில் ‘ஐபி பிரச்னையா? ஸ்டேட்டிக் போடுங்க!’ என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய. போனின் ஐபி செட்டிங்கை டிஎச்சிபியிலிருந்து ஸ்டேட்டிக்குக்கு மாற்றி ஓர் எண்ணைத் தட்டினால் அந்த நிமிடம் வேலை செய்யத்தான் செய்யும். நான் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். நோயை மறைத்துவிட்டு இன்னொருவருக்குப் பரப்பும் வைத்தியம் அது. ஒரு சாதனத்துக்கு எப்போதும் ஒரே எண் வேண்டும் என்றால் ரூட்டரிலேயே ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற வசதி இருக்கிறது. சாதனத்தின் அடையாள எண்ணான மேக் முகவரியை அங்கே பதிந்துவைத்தால் ரூட்டரே அந்த எண்ணை அதற்கென்று எடுத்துவைக்கும். டிவிஆருக்கும் பிரின்டருக்கும் இதுவே சரியான வழி.

போனுக்கு இந்த வசதியைப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல், இணைப்புக்கு இணைப்பு வேறொன்றைக் காட்டுகின்றன. வெளியிடங்களில் நம்மைப் பின்தொடராமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் போனின் உண்மையான மேக் முகவரியை ரூட்டரில் பதிந்தால் பொருந்தாது. குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் அலுவலக வைஃபையிலும் இதனால் தடை வரும்.

இரண்டாவது ரூட்டர்

மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, மோடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்து மாட்டுகிறோம். கேபிளை அதன் லேன் துளையில் செருகினால் ஒரே வீட்டில் இரண்டு டிஎச்சிபி சர்வர்கள் ஆகிவிடும். போனின் முதல் குரலுக்கு இரண்டும் பதில் சொல்லும். பொதுவாக முதலில் வந்த பதிலைப் போன் பிடித்துக்கொள்ளும். மோடம் முந்தினால் நெட் வரும். பழைய ரூட்டர் முந்தினால் முகவரி மட்டும் வரும், நெட் வராது. ஏனென்றால் அது ‘வெளியே போக என்னிடம் வா’ என்று சொல்லும், அதற்கே வெளியே போக வழி இல்லை.

ஒரு தடவை வரும், ஒரு தடவை வராது என்ற கோளாறில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். வெளியே போகும் வழியைக் காட்டும் ‘கேட்வே’ என்ற இடத்தில் இருக்கும் எண்ணை, நெட் வரும்போதும் வராதபோதும் பார்த்து ஒப்பிடுங்கள். ஒருமுறை 192.168.1.1, மறுமுறை 192.168.0.1 என்று மாறினால் குற்றவாளி மாட்டிக்கொண்டது. இரண்டாவது ரூட்டரின் டிஎச்சிபியை அணைத்து, மோடம் தரும் வரம்பு 100 முதல் 199 வரை என்றால் அதன் எண்ணை 192.168.1.2 போல வரம்புக்கு வெளியே ஒன்றாக மாற்றுங்கள். ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். கல்லூரி விடுதியில் ஒரு மாணவர் இப்படித் தப்பாகச் செருகிய ஒரு கேபிள் ஒரு தளம் முழுவதன் இணைப்பையும் குலைத்துவிடும். இப்படி நுழையும் அந்நிய சர்வரின் பதில்களைத் தடுக்கும் ‘டிஎச்சிபி ஸ்னூப்பிங்’ வசதி உள்ள சுவிட்ச்சுகளில் அதை இயக்கிவைப்பது நிர்வாகத்தின் கடமை.

கேபிளை வேன் துளையில் செருகினால் வேறொரு சிக்கல். மோடம், ரூட்டர் இரண்டும் 192.168.1 வரிசையையே பயன்படுத்தினால் எது உள், எது வெளி என்று ரூட்டருக்குக் குழம்பிவிடும். ரூட்டரை 192.168.2.1 ஆக மாற்றினால் தீர்ந்தது.

போனிலும் குற்றம் இருக்கலாம்

2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நெட்வொர்க் ஊழியர்கள் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். சில ஐபேடுகள் லீஸ் முடிந்த பிறகும் பழைய எண்ணையே பயன்படுத்திக்கொண்டிருந்தன. அதற்குள் அந்த எண் வேறொருவருக்குப் போயிருக்கும். கோளாறு ஐபேடின் மென்பொருளில் என்று அவர்கள் பதிவு செய்து, தொல்லை தந்த ஐபேடுகளை நெட்வொர்க்கிலிருந்து தடுத்தும் வைத்தார்கள். ஆகவே வீட்டில் எல்லாப் போனிலும் நெட் வந்து ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் ரூட்டரைத் தொடாதீர்கள். அந்தப் போனின் மென்பொருளைப் புதுப்பித்து, ‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’ செய்து பாருங்கள்.

192.168 எண் ஒழுங்காக வந்தும் எந்தப் போனிலும் நெட் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வெளிப்பக்கம். ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வேன் ஐபி’ 0.0.0.0 என்று இருந்தாலோ, மோடத்தில் லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ கம்பெனிதான் வர வேண்டும். அங்கே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால் அது கோளாறு இல்லை. உலகின் பழைய வகை முகவரிகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதால் கம்பெனிகள் ஒரே வெளி எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதன் அடையாளம். நெட் நன்றாக ஓடும், வெளியிலிருந்து வீட்டு டிவிஆருக்குள் நேரடியாக நுழைய மட்டும் முடியாது.

கடைசியாக, மோடத்தின் பின்னால் குண்டூசி நுழையும் ரீசெட் துளையைப் பற்றி. அணைத்துப் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. அதை அழுத்திப் பிடித்தால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டுமின்றி, கம்பெனி பதிந்துவைத்த பிபிபிஓஇ பயனர் பெயர், விலேன் எண் எல்லாம் அழிந்துபோகலாம். முகவரி வராத சின்னக் கோளாறு, ஆள் வந்து பார்க்கும் வரை நெட்டே இல்லாத பெரிய கோளாறாகிவிடும். அதைத் தொடாதீர்கள்.

இதுவரை சொன்ன திருத்தங்களில் பாதிக்கு ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய வேண்டும். அந்த பாஸ்வேர்டு பல வீடுகளில் வீட்டுக்காரரிடம் இல்லை, இணைப்பு கொடுக்க வந்த ஆளோடு போய்விட்டது. மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்குத் தன் வீட்டுப் பெட்டியின் லீஸ் நேரத்தை மாற்றும் உரிமைகூட இல்லாமல் இருப்பது நியாயம் இல்லை. அடுத்த முறை டெக்னீஷியன் வரும்போது, அவர் கிளம்புமுன் நிர்வாக பாஸ்வேர்டையும் பிபிபிஓஇ விவரத்தையும் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தர முடியாது என்றால் காரணத்தைக் கேளுங்கள், கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.